உச்சிப்புளி தாண்டாத கார்

தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும் அந்த அலுமினியப் பெட்டி. நான்கு மூலையிலும் நான்கு ஸ்க்ரூ, அடிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பின்கள். அதைக் காரிலிருந்து கழற்றி என் மேசையில் வைத்து மூடியைத் திறந்த அன்று, கீழ் வரிசைப் பின்களில் மயில்துத்தம் தூவியதைப் போல நீலப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மச்சான் எட்டிப் பார்த்து, "என்னா மாப்ள, பாசி புடிச்சிருக்கு?" என்று கேட்டார். "உப்புக் காத்து மச்சான். இங்கன எதுலதான் புடிக்கல?" என்றேன் நான். கேட்டவர் விவசாயி, பதில் சொன்னவன் டிப்ளமோ படித்தவன். அந்தப் பதிலைச் சொன்ன வாயோடு எட்டு மாதம் நாயாய் அலைந்தேன். அந்தப் பச்சை எப்படி வந்தது என்று அன்றைக்கே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்போது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். இந்தக் கரையில் டிவி மெக்கானிக் வேலை என்பது பாதிக்குப் பாதி உப்போடு மல்லுக்கட்டுகிற வேலை. மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வருகிற பெட்டிகளைத் திறந்தால் உள்ளே இதே பச்சைதான் இருக்கும். தின்னரைத் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈயத்தை உருக்கி மறுபடி பற்றவைத்து அனுப்பிவிடுவேன். எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சைக்கிள் செயின் துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், தலைமாட்டில் வைத்த டார்ச் லைட்டின் ஸ்பிரிங்கூட துருப்பிடிக்கும். துரு என்பது நரை மாதிரி தானாக வருவது என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். பரமக்குடிக்குத் தெற்கே உள்ளே தள்ளி ஒரு கிராமம், மிளகாயும் கொஞ்சம் நெல்லும் விளைகிற வானம் பார்த்த பூமி. மூன்று வருஷம் தொடர்ந்து மழை ஏய்த்த பிறகு, ரோட்டோரத்துப் புஞ்சையை விற்றுவிட்டு ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தார். எந்தக் கார் வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, கார்பரேட்டர் வண்டி வேண்டாம், இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்குங்கள், அதில் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை என்று அளந்துவிட்டேன். எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு புத்தகத்தில் படித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் மச்சானே மதித்துக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அலுமினியப் பெட்டிதான் நான் சொன்ன கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோலை எஞ்சினுக்குள் பீய்ச்ச வேண்டும், எப்போது நெருப்புப் பொறி கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அதுதான். மெக்கானிக்குகள் அதை ஈசிஎம் என்பார்கள். மச்சானின் காரில் அது முன் சீட்டின் இடது பக்கம், உட்காருகிறவரின் பாதத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டிராவல்ஸ் ஒன்றில் மச்சானுக்குச் சவாரி கொடுத்தார்கள். எல்லாம் ராமேஸ்வரம் போகிறவர்கள். செத்துப்போன தாய் தகப்பனுக்குத் திதி கொடுக்க, தோஷம் கழிக்க, பிள்ளை வரம் கேட்க என்று வெளியூர்களிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு போனால், அவர்கள் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, துணி மாற்றிச் சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சாயங்காலம் ஆகிவிடும். மச்சான் அவசரப்படாத மனிதர். ஏர் ஓட்டியவர் என்பதால் ரோட்டில் வண்டியை நூல் பிடித்த மாதிரி ஓட்டுவார். காலையில் எழுந்ததும் மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல ஒரு வாளித் தண்ணீரோடு காரைச் சுற்றி வருவார். முதல் இரண்டு மாதம் அக்காவின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி வரும்போது உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால் கார் செருமி, குலுங்கி, நின்றுவிட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கதவுகளைத் திறந்துபோட்டு எல்லோரும் இறங்கி நிற்க, ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. அடுத்த வாரமும் அதே போல் நின்றது. அதற்கடுத்த வாரம் நிற்கவில்லை, ஆனால் அந்த வாரம் வந்தது பரமக்குடிச் சவாரி. ராமேஸ்வரம் போய்த் திரும்பினால் உச்சிப்புளிப் பக்கம் கார் நிற்கும் என்பது மெல்ல மெல்ல ஒரு சட்டம் ஆகிவிட்டது.

டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிக்கலாம். புத்தகம் அப்படித்தான் சொன்னது. ஒரு நாள் எண்ணினால் காற்றை அளக்கிற சென்சார் பழுது என்றது. அதை மாற்றினேன். அடுத்த தடவை எஞ்சின் சூட்டை அளக்கிற சென்சார் என்றது. அதையும் மாற்றினேன். மூன்றாம் தடவை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றது, நின்றுபோன காரில் உட்கார்ந்துகொண்டு. ஒவ்வொரு முறையும் மச்சானிடம் சாவியைக் கொடுத்து, "சரியாயிருச்சு மச்சான்" என்று சொன்னேன். மதுரை சர்வீஸ் சென்டரில் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, பெட்டியையே புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு மச்சான் மீதிப் புஞ்சையையும் விற்க வேண்டியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தாள். பரமக்குடியிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். காப்பி வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். மச்சான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், சவூதியில் ஒரு வீட்டுக்கு டிரைவர் வேலை இருப்பதாக ஏஜெண்டு சொல்லியிருக்கிறான், சித்திரை வரை பார்ப்பேன், அதற்குள் வண்டி ஓடவில்லை என்றால் கிளம்பிவிடுவேன் என்கிறார் என்று சொன்னாள். அவர்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. "அவரு போயிட்டா பாதி ஆயுசு அங்கனதான் போகும் தம்பி. இந்த வண்டிய மட்டும் ஓட வச்சிரு, அவரு போகமாட்டாரு" என்றாள். அக்கா என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. நான் படித்ததே அவள் களையெடுத்த கூலியில்தான்.

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். பச்சையைத் துடைத்தேன், ஒவ்வொரு காலாக மறுபடி ஈயம் வைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணே இடுங்கிப்போனது. மூன்று வாரம் கழித்து மறுபடி நின்றது. திறந்தால் மறுபடி பச்சை. மூன்றே வாரத்தில் எந்தக் காற்று அப்படிப் பூக்கவைக்கும் என்று ஒரு சந்தேகம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். கீழே விரித்திருந்த கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தேன், லேசாக ஈரம். மச்சான் தினமும் காரைக் கழுவுகிறவர் ஆயிற்றே! அகப்பட்டான் திருடன் என்று சந்தோஷப்பட்டு, காரைக் குளிப்பாட்டிக் கெடுப்பதே நீங்கள்தான் என்று அவரைச் சத்தம் போட்டேன். இனிமேல் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அன்றோடு காருக்குள் தண்ணீர் விடுவதை நிறுத்தினார். ஈரத் துணியால் துடைப்பதைக்கூட விட்டுவிட்டார். பத்தே நாளில் கார் உச்சிப்புளியில் நின்றது. ஆக, தண்ணீர் காரணமில்லை என்று என் பட்டியலில் அதன்மேல் ஒரு கோடு போட்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மதுரையில் பழைய சாமான் கடையில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று கிடைத்தது. மாட்டினேன். ஒரு மாதம் தேர் மாதிரி ஓடிற்று. பிறகு அதற்கும் அதே நோய். அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, வயரில் என்று முடிவு கட்டி, கார் முழுக்க ஓடுகிற வயரை உருவிப் போட்டு ஒவ்வொரு நரம்பாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் என் கடையில் டிவி கொடுத்தவர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. வயர் எல்லாம் நன்றாக இருந்தது. எரிச்சலில் ஒரு நாள் மீட்டரைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

பிறகு நானே ஓட்டிப் பார்ப்பது என்று கிளம்பினேன். மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து ராமேஸ்வரம் போய்த் திரும்பினேன். உச்சிப்புளியில் நிற்கவில்லை. மறுநாளும் போனேன், நிற்கவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று தடவை நான் ஓட்டி ஓடுகிற கார், அவர் சவாரி ஏற்றினால் மட்டும் நிற்கிறதென்றால் என்ன நினைப்பேன்? கியர் மாற்றத் தெரியவில்லை, கிளட்சை மிதித்தே வைத்திருக்கிறீர்கள் என்று ஏதேதோ சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது மச்சான், "காளைக்குத் தெரியும் மாப்ள, எவன் ஓட்டுறான்னு. இதுக்குத் தெரியாதுல்ல" என்றார். அவருக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதற்கு மேல் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிப் பக்கத்தில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற ரேடியோ அலைதான் காரின் கம்ப்யூட்டரைக் குழப்புகிறது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அந்த வழியாகத் தினமும் நூறு கார் போகிறதே, அவையெல்லாம் ஓடுகின்றனவே என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார். அவர் புத்திசாலி. நானோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எல்லா அலையும் எல்லாப் பெட்டியையும் பாதிக்காது என்று அவருக்குப் பாடம் நடத்திவிட்டு, கடைக்கு வந்து அந்தப் பெட்டியை அலுமினியத் தாளால் மூன்று சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். நான் ஓட்டிய மூன்று நாளும் ஏன் நிற்கவில்லை என்று மச்சான் கேட்டதற்கு, அன்றைக்கெல்லாம் அவர்கள் அலையை அனுப்பியிருக்கமாட்டார்கள் என்று பதில் சொன்னேன். அந்தத் தளத்தில் இருந்தவர்கள் பாவம், அவர்கள் பாட்டுக்கு அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரியாயிருச்சு மச்சான்" என்று நான் ஏழாவது முறை சொன்னது அப்போதுதான். பையைக் கட்டிய பிறகு முன்பைவிட மோசமாயிற்று. ஒரு வடநாட்டுக் குடும்பம், தகப்பனாருக்குக் காரியம் முடித்துத் திரும்பியவர்கள், உச்சிப்புளியில் இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். கார் கிளம்பவே இல்லை. அவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். அந்த வீட்டு அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுததை மச்சானால் தாங்க முடியவில்லை. மறுநாள் டிராவல்ஸில் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் கடை வாசலில் விட்டுவிட்டு, சாவியை மேசைமேல் வைத்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்திரை பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

மச்சான் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடுகிறேன் என்று அக்கா வேண்டியிருந்தாள். அவர் போய் நாற்பதாவது நாள் அவளையும் மகளையும் அதே காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பையையும் தாளையும் பிரித்து எறிந்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகு கார் ஓடியது. அக்கா கடலில் முங்கினாள், எல்லாக் கிணற்றிலும் குளித்தாள், சாமி கும்பிட்டாள். கிளம்பும்போது, தன் ஈரச் சேலையையும் மகளின் பாவாடையையும் பிழிந்து ஒரு சாக்கில் போட்டு, முன்பக்கக் கதவைத் திறந்து, இடது ஓரத்தில் கால் வைக்கிற இடத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். பிறகு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை. பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி நெருங்கும்போது கார் செருமியது.

இறங்கி இடது பக்கக் கதவைத் திறந்தேன். சாக்கைத் தூக்கினேன். அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் விரிப்பைத் தூக்கினால், அதற்குக் கீழே கம்பளம் பிழிந்தால் ஊற்றுகிற அளவுக்கு நனைந்திருந்தது. அந்த ஈரம் கம்பளத்திலேயே ஊறி ஏறி, பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், நேரே பெட்டியின் பின்கள் இருக்கிற இடத்துக்குப் போயிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

அந்தச் சாக்கு உரச் சாக்கு. அக்காவே கைப்பிடி வைத்துத் தைத்தது. ஆரம்பத்தில் சவாரிக்கு வந்தவர்களின் ஈரத்துணியைப் பின்னால் டிக்கியில் போட்டதில் ஒருவரின் பட்டு வேட்டி நனைந்து, மச்சான் பேச்சு வாங்கியிருக்கிறார். காரியம் செய்த ஈரத்துணியைத் தங்கள் பெட்டியோடு சேர்த்து வைக்க யாருக்கும் மனசு வராது, ஓரமாகப் போடுங்கள் என்பார்கள். அதற்காக அக்கா அந்தச் சாக்கைத் தைத்துக் கொடுத்து, முன்னால் இடது ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். கார் நிற்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம். கார் என் கடைக்கு வருவதற்குள் சாக்கு அக்கா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். நானே எத்தனையோ தடவை அதை அங்கே பார்த்திருக்கிறேன். நான் கட்டிய பாலிதீன் பையோ ஏறிய ஈரத்தைக் காயவிடாமல் பொத்தி வைத்திருக்கிறது. நான் வெறும் காரை ஓட்டிப் பார்த்தபோது ஈரத்துணி ஏது? ஒரு பைத்தியக்காரனும் செய்யாத சோதனை அது. யாத்திரைக் காரை யாத்திரைக்காரர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உடைமர நிழலில் நின்றிருந்தாள். ஈரத் தலையை முடிந்திருந்தாள். "என்ன தம்பி, எதுனா தெரியுதா?" என்று அங்கிருந்தே கேட்டாள். நான் சாக்கைக் கையில் வைத்திருந்தேன். நீ தைத்த சாக்குதான் உன் புருஷனை அனுப்பிவைத்தது என்று எந்த வாயால் சொல்வது? "ஒரு ஒயரு அத்துக் கெடக்குக்கா" என்றேன். அந்த நிமிஷம் அது எனக்குப் பெரிய கருணையாகத் தோன்றியது.

அதன் பிறகு வேலை சுலபமாக முடிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தேன். உள்ளே போர்டில் உப்புத் தின்றுபோன இரண்டு செம்புக் கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய வயர் வைத்துப் பற்றவைத்தேன். பெட்டியைத் தரையிலிருந்து பிரித்து டாஷ்போர்டுக்கு அடியில் உயரமாக, ஒரு பட்டை வைத்துத் தொங்கவிட்டேன். கம்பளத்தை எடுத்து எறிந்தேன். லக்கேஜுக்கு வசதி என்று சொல்லிக் காரின் தலைக்கு மேல் ஒரு கேரியர் போட்டேன், சாக்கும் மேலே போனது. எல்லாம் ஒரே நாள் வேலை.

அக்கா வீட்டில் போன் இல்லாததால் மச்சான் வெள்ளிக்கிழமைகளில் என் கடைக்குத்தான் பேசுவார். அக்கா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை அவரிடம் வண்டி சரியாகிவிட்டது என்றேன். என்ன பழுது என்று கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயர் என்றேன். சரி மாப்ள, லோக்கல் சவாரிக்கு மட்டும் ஓட்டச் சொல், ராமேஸ்வரம் வேண்டாம், இன்னொரு குடும்பத்தை நடுரோட்டில் அழவைக்க வேண்டாம் என்றார். அப்படியே ஓர் ஆளைப் போட்டு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பரமக்குடியைச் சுற்றியே கார் ஓடியது. இரண்டு வருஷம் முடிந்து முதல் லீவில் வந்தபோது, ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வண்டி நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று மறுபடி கேட்டார். ஆகிவிட்டது மச்சான், வயர்தான் என்றேன். அன்றைக்கு அக்கா பக்கத்தில் இல்லை. சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்யை எங்கிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை. என் மடத்தனம் வெளியே வரும் என்கிற பயமும் இருந்தது, அதையும் கருணைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த இரண்டு வருஷத்துக்குப் போனார்.

இப்போது என் கடையில் டிவி ஒன்றுகூட இல்லை. தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்தெல்லாம் ஈசிஎம் பழுது என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். சில பெட்டிகள் பஸ்ஸில் பார்சலாகக்கூட வருகின்றன. எந்தக் கார் வந்தாலும் மீட்டரை எடுப்பதற்கு முன் இடது பக்க விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஊரில் எனக்குக் கைராசிக்காரன் என்று பேர். என் மச்சானின் ஆயுளைச் செலவழித்துக் கற்ற வித்தை என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் மச்சான் லீவில் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. காலேஜ் போகிற வயதுக்கு வந்துவிட்ட மகள் அவரிடம் நின்று பேசவே கூச்சப்படுகிறாள். வீட்டில் பொழுது போகாமல் கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ராமேஸ்வரத்து டாக்ஸிக்காரர் ஒருவர், வண்டி பாதி வழியில் நிற்கிறது என்று வந்தார். நான் வழக்கம்போல விரிப்பைத் தூக்கிக் காட்டி, ஈரத்துணியை இங்கே வைக்கிறீர்களா என்று கேட்டு, தண்ணீர் எப்படி ஏறுகிறது, உப்பு எப்படிப் பின்னைத் தின்கிறது, ஏன் ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது மட்டும் நிற்கிறது என்று பாட்டுப் பாடுவது மாதிரி ஒப்பித்தேன். பழகிய வாய், அது பாட்டுக்கு ஓடியது. திரும்பியபோதுதான் மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

டாக்ஸிக்காரர் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு, "நம்ம வண்டிக்கும் இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். எப்போது தெரியும் என்றார். அவர் போன நாற்பதாவது நாள் என்றேன். அக்காவின் சாக்கு, உடைமரம், வயர் என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத லீவுல வந்தப்ப கேட்டேன்ல மாப்ள. ஈரச் சாக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நம்பிருப்பேன், திரும்பிப் போயிருக்கமாட்டேன். நீ ஒயருன்ன. அதுக்கு முந்தி ஏழு தடவ சரியாயிருச்சுன்னு சொன்னவன் நீ. எட்டாவது தடவையும் எப்பிடி நம்புறது?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இப்போது ராமேஸ்வரம் ரோட்டில் ஓடுவதெல்லாம் பெரிய டீசல் வண்டிகள், இந்தப் பழைய காருக்கு யார் சவாரி கொடுப்பார்கள் என்று பொதுவாகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்கக்காகிட்ட சொல்லிராத. அவ தாங்கமாட்டா" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அவரைத் திருச்சி விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவருடைய அதே காரில்தான் போனோம். அக்கா பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ரெண்டே வருசம், இன்னும் ரெண்டே வருசம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேவகோட்டை தாண்டி, புதுக்கோட்டையும் தாண்டினோம். எங்காவது செருமி நின்றுவிடாதா என்று வழியெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.